பூச்சியின் வேலையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

"எறும்பு தன் எடையைப் போல நூறு மடங்கு தூக்கும்" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், "அப்படியா டீச்சர்" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடும். நூறு மடங்கு என்றால் எவ்வளவு என்று அந்த வயதில் எப்படித் தெரியும்? அதே பிள்ளையிடம் எறும்பு செய்கிற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் திணறிவிட்டு, "இதை அது எப்படிச் செய்யுது?" என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி வந்தபிறகு நீங்கள் சொல்லும் எண் மனதில் உட்கார்ந்துவிடும்.

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அறிவியல்தான் என் பாடம். இப்போது ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்கள் புளோக் பிள்ளைகள், "டீச்சர், இன்னிக்கு என்ன பூச்சி?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களோடு செய்து பார்த்ததில் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனவற்றை இங்கே எழுதுகிறேன். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம் கையால் செய்ய வேண்டும், எண்ணும் பெயரும் கடைசியில்தான். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கறிவேப்பிலைத் தொட்டியில் தொடங்குங்கள்

காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் வாசலிலோ நடைவழியிலோ ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதைத் தேடிக்கொண்டு எத்தனை மாடியானாலும் ஏறி வரும்.

வருகிற பெண் பூச்சியைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். தளிர்மேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். அது சுவை பார்க்கிறது. வண்ணத்துப்பூச்சியின் பாதங்களில் சுவையை உணரும் நுண்ணிய முடிகள் இருக்கின்றன. தன் புழு தின்னக்கூடிய செடிதானா என்று காலாலேயே தெரிந்துகொண்டு, சரி என்றால் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். முட்டை, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டை.

இப்போது கைக்கு வேலை. மூன்று கிண்ணங்களில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர் வையுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் நனைத்து எது எது என்று சொல்ல வேண்டும், வாயில் வைக்கக் கூடாது. யாராலும் முடியாது. "அந்தப் பூச்சிக்கு முடியும்" என்று அப்போது சொல்லுங்கள்.

முட்டையை எடுக்காதீர்கள். நாலைந்து நாளில் புழு வந்துவிடும். தொடக்கத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், குருவிகள் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஓரளவு வளர்ந்த புழுவை இலையோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றலாம். தீபாவளிப் பலகாரம் வாங்குகிற சிவப்பு மூடி டப்பா இதற்கு நன்றாக இருக்கும். அடியில் டிஷ்யூ, வாய்க்கு மூடி போடாமல் மெல்லிய துணி, உள்ளே சாய்வாக ஒரு குச்சி. தினமும் பழைய இலையையும் எச்சத்தையும் எடுத்துவிட்டுப் புது இலை வைக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த இலையை வைத்தால் புழு செத்துவிடும். பசாரில் வாங்கும் கறிவேப்பிலையில் மருந்து இருக்கலாம், அதனால் வீட்டுச் செடி இலைதான். ஒரு தொட்டிச் செடிக்கு ஒன்றிரண்டு புழு போதும், அதற்குமேல் வளர்த்தால் குழம்புக்கு இலை மிஞ்சாது.

கடைசியாக ஒருமுறை தோலை உரித்துவிட்டுப் புழு பச்சையாக மாறும். அப்போது முதுகில் மெதுவாகத் தட்டினால், தலைக்குப் பின்னால் இருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீண்டு வரும், கடுமையான வாடை அடிக்கும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கான ஆயுதம் அது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள். அதற்கப்புறம் புழு குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். சுற்றி இலை இருந்தால் கூடு பச்சையாகவும், காய்ந்த குச்சி இருந்தால் பழுப்பாகவும் அமைவதுண்டு. இரண்டு டப்பாவில் இரண்டு மாதிரி வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள்.

பத்து நாள் அளவில் பூச்சி வெளியே வரும். பெரும்பாலும் காலையில்தான். சிறகு சுருங்கிக் கசங்கி இருக்கும். தொங்கிக்கொண்டே உடம்பிலிருந்து திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தொட்டால் சிறகு கோணலாகிவிடும், அது பிறகு பறக்காது. செம்பழுப்பாக ஒரு துளி கீழே விழும். "ரத்தம்!" என்று சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் துளை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வெளியே வரும். தாய்க்குளவி முன்பே உள்ளே முட்டையிட்டிருக்கும். பிள்ளைகள் அழுவார்கள். ஆனாலும் மறைக்காமல் காட்டுங்கள், அந்தக் குளவிக்கும் ஒரு திறமை இருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த வாசனை வந்தால் விலகிப் போகப் பழக்கினார்கள். புழு கூடு கட்டி, உள்ளே உடம்பெல்லாம் மாறி, சிறகு முளைத்து வந்த பிறகும் அதே வாசனையை விட்டு விலகியது. கூடு கட்டுவதற்குச் சற்று முன் பழக்கியவற்றுக்குத்தான் இந்த நினைவு தங்கியது. இதைக் கேட்ட ஒரு பையன் என் வீட்டு டப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னை ஞாபகம் வச்சிருக்குமா டீச்சர்?" என்றான். வாசனையைத்தான் சோதித்தார்கள், முகத்தைச் சோதிக்கவில்லை என்றேன். அப்படியானால் தன் சட்டையை டப்பா பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டான். இப்படிக் கேட்கிற பிள்ளையை யாரும் அடக்கக் கூடாது.

கெரெங்காவும் பழைய பேப்பரும்

மாமரத்திலோ ரம்புத்தான் மரத்திலோ இலைகளைச் சேர்த்து ஒட்டிய பந்து மாதிரி ஒரு கூடு தொங்கினால் அது முசுறு, நாம் கெரெங்கா என்று சொல்கிற சிவப்பு எறும்பு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் தேடிப் பாருங்கள். கூட்டுக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, மரத்தில் கை ஊன்றக் கூடாது. கடித்துவிட்டு, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். கைபேசி கேமராவைப் பெரிதாக்கித் தள்ளி நின்றே பார்க்கலாம்.

புதுக்கூடு கட்டும்போது பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு இலைக்கு நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால், ஓர் எறும்பின் இடுப்பை இன்னோர் எறும்பு கவ்வி, அதன் இடுப்பை அடுத்தது கவ்வி, சங்கிலியாகி இழுக்கும். இலை ஓரங்கள் சேர்ந்ததும் வேறு எறும்புகள் கூட்டிலிருந்து தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வரும். புழுவுக்குத்தான் பட்டு நூல் சுரக்கும், வளர்ந்த எறும்புக்குச் சுரக்காது. புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாற்றி மாற்றித் தொடவைத்தால் நூல் இழைந்து இலைகள் ஒட்டிக்கொள்ளும். வீட்டிலுள்ள கைக்குழந்தையே நூற்கண்டாக இருந்து வீடு கட்டிக்கொடுக்கிறது.

இதைச் செய்து பார்க்க நாலு பிள்ளைகளும் பழைய நாளிதழும் கோந்துக் குச்சியும் போதும். மூன்று பேர் பேப்பரை உருட்டி விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஒட்ட வேண்டும். பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு கைதான். பேப்பர் நழுவும், பிள்ளைகள் சாடைகாட்டிச் சாடைகாட்டிச் சலித்துப்போவார்கள். எறும்புகளுக்கு மேஸ்திரி கிடையாது என்று அப்போது சொன்னால் புரியும். ஓர் இடத்தில் இலை கொஞ்சம் வளைந்துகொடுத்தால் மற்ற எறும்புகளும் அங்கேயே வந்து சேர்ந்து இழுக்கும், அவ்வளவுதான் அவற்றின் திட்டம்.

சீனாவின் தென்பகுதியில் ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் இந்த எறும்புக் கூடுகளைப் பையில் கட்டி விற்றதும் வாங்கியதும் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஏட்டில் இருக்கிறது. பழத்தைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்பதற்காகவே மரத்தில் விடுவார்களாம்.

எறும்பின் பலம் எங்கிருந்து வருகிறது

நூறு மடங்குக் கதை இந்த எறும்புடையதுதான். 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் ஒருவர் எடுத்த படத்தில், கண்ணாடி போல வழுக்கும் பரப்பில் தலைகீழாக நின்றபடி ஒரு கெரெங்கா 500 மில்லிகிராம் எடையை வாயில் பிடித்திருக்கிறது. அதன் எடையைப் போல 100 மடங்கு அது.

பிள்ளைகள் உடனே, "எறும்பு நம்ம அளவு வளர்ந்தா லாரியைத் தூக்குமா?" என்பார்கள். தூக்காது. ஏன் என்பதுதான் இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள். சர்க்கரைக் கட்டிகள் வாங்கி வையுங்கள். ஒரு கட்டி ஓர் எறும்பு. இதை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கச் சொல்லுங்கள். நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு அடுக்கினால் 8 கட்டி ஆகும். எடை 8 மடங்கு. கீழே தரையைத் தொடுகிற கட்டிகள் எத்தனை? 4தான். தசையின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது, அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பைப் பொறுத்தது. ஆக எடை 8 மடங்கு கூடும்போது பலம் 4 மடங்குதான் கூடுகிறது. மூன்று மடங்காக்கினால் எடை 27, பலம் 9. உடம்பு பெரிதாகப் பெரிதாக எடை முந்திக்கொண்டே போகும். நம் அளவுக்கு வளர்ந்த எறும்பு அந்த மெல்லிய கால்களில் எழுந்து நிற்பதே சிரமம்.

கட்டிகளைப் பிள்ளையே அடுக்கி எண்ண வேண்டும். நீங்கள் அடுக்கிக் காட்டினால் பாதிப் பயன்தான். இது புரிந்துவிட்டால் தெள்ளுப்பூச்சி தாவுவதும், சாணிவண்டு தன் எடையைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் இழுப்பதும் தானாகவே பிடிபடும்.

தண்ணீர்மேல் நடப்பது, இடுக்கில் நுழைவது

பூங்கா ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களில் நீளக்கால் பூச்சிகள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு காலுக்கடியிலும் தண்ணீர் சின்னக் குழியாக அமுங்குவதைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பேப்பர் கிளிப், ஒரு துண்டு டிஷ்யூ எடுங்கள். டிஷ்யூமேல் கிளிப்பை வைத்து மிதக்கவிட்டு, டிஷ்யூவை மட்டும் குச்சியால் கீழே அமுக்கினால் கிளிப் மேலேயே நிற்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போலத் தாங்குகிறது. இப்போது ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். கிளிப் சட்டென்று மூழ்கும். சோப்புத் தண்ணீர் ஓடையில் கலந்தால் அந்தப் பூச்சிக்கு என்ன ஆகும் என்று நான் கேட்பேன், விடையைச் சொல்ல மாட்டேன். அந்தப் பூச்சியின் கால்களில் தண்ணீர் ஒட்டாத மிக நுண்ணிய முடிகள் நெருக்கமாக இருப்பது அதற்குக் கூடுதல் உதவி.

கிண்ணத்துத் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். கொசுப்புழு வளர்த்துக் காட்டலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். டிங்கி பரவுகிற ஊர் இது. வீட்டில் கொசுப்புழு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் குற்றம், அபராதம் உண்டு.

கரப்பான்பூச்சியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். அட்டையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கீற்று வெட்டி, இதில் எதெல்லாம் நுழையும் என்று தேடச் சொல்லுங்கள். பென்சில் நுழையாது. பெரிய கரப்பான் நுழையும் என்று 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதன் ஓடு மடங்கித் தட்டையாகக்கூடிய தகடுகளால் ஆனது. இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடிப் போகிற குட்டி இயந்திரத்தின் மாதிரியையும் அதைப் பார்த்தே செய்தார்கள்.

சார்லியைத் தொடாதீர்கள்

பினாங்கில் பூச்சி பார்க்கப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே இதைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். எறும்பு மாதிரி ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் இருக்கும். சார்லி எறும்பு என்கிறோம், உண்மையில் அது வண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும், நெல்வயல் பக்கத்தில் அதிகம். அது கடிப்பதில்லை. நாம் அதை நசுக்கும்போது உடம்புக்குள் இருக்கும் பெடெரின் என்கிற நஞ்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாளில் எரிச்சலும் கொப்புளமும் வரும். அந்த நஞ்சைத் தயாரித்துக் கொடுப்பது வண்டுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா.

கையில் ஏறிவிட்டால் அடிக்கக் கூடாது. ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றித் தள்ளுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. பொம்மைச் சார்லி ஒன்றைத் தாளில் வரைந்து வெட்டி, பிள்ளையின் கைமேல் வைத்து, "ஊது!" என்று பழக்குங்கள். உண்மையான சார்லி வரும்போது கை தானாக அடிக்கப் போகாமல் இருக்க இந்தப் பழக்கம்தான் உதவும்.

சில்வண்டின் சத்தம்

பொழுது சாயும்போது மரங்களில் கேட்கும் இரைச்சல் ஆண் சில்வண்டுடையது. அதன் வயிற்றின் இருபுறமும் வரிவரியான சவ்வு இருக்கிறது. தசை இழுத்தால் சவ்வு உள்ளே மடங்கி 'டக்' என்னும், விட்டால் வெளியே வந்து மறுபடி 'டக்' என்னும். காலியான தண்ணீர் பாட்டிலை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள், அதே வித்தை. ஒரு விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணட்டும். சில்வண்டு ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை செய்வதால்தான் நமக்கு ஒரே நீண்ட சத்தமாகக் கேட்கிறது. வயிறு பெரும்பாலும் காலியாக இருப்பதால் சத்தம் இன்னும் பெருகும்.

சிள்ளென்று கத்தும் இன்னொரு பூச்சியான சுவர்க்கோழியின் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பிள்ளைகளிடம் காதைத் தேடச் சொல்லிப் படம் கொடுத்தால் தலை முழுவதும் தேடிக் களைத்துப்போவார்கள்.

குச்சிப்பூச்சி, இலைப்பூச்சி எல்லாம் பார்க்க ஆசைப்பட்டால் 101ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங் போய் எந்தோபியாவைப் பார்க்கலாம். 1986இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கிய இடம். போகும் முன் வீட்டுச் சுவரில் 56.7 சென்டிமீட்டர் நீளத்துக்கு டேப் ஒட்டிவையுங்கள். சபாவில் கிடைத்து 2008இல் பெயர் சூட்டப்பட்ட ஒரு குச்சிப்பூச்சி, கால்களை நீட்டினால் அவ்வளவு நீளம்.

தேனீயின் நடனம், புளோக்குக்குக் கீழே

இது பத்துப் பேர் சேர்ந்து விளையாடுவது. ஒரு பிள்ளை தேடும் தேனீ. மற்றவர்கள் கண்ணை மூடி நிற்க, நீங்கள் மிட்டாய் ஒளித்த இடத்தை அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கள். திரும்பி வந்து அது வாய் திறக்காமல், கையையும் நீட்டாமல் சொல்ல வேண்டும். மிட்டாய் இருக்கும் திசையில் இடுப்பை ஆட்டிக்கொண்டு நேராக நடந்து, வட்டமாகத் திரும்பி வந்து, மறுபடி அதே கோட்டில் நடக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்குப் பத்து அடி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடையான பரப்பில் ஆடும் கொம்புத் தேனீ இப்படித்தான் இரை இருக்கும் திசையை நேராகக் காட்டுகிறது.

பெரிய பிள்ளைகளுக்கு அடுத்த படி. பொந்திலும் பெட்டியிலும் வாழும் தேனீக்கள் இருட்டான கூட்டுக்குள், செங்குத்தான அடைமேல் ஆடுகின்றன. அங்கே திசையை எப்படிக் காட்டுவது? அடையில் 'மேலே' என்பது சூரியன் இருக்கும் திசை என்று வைத்துக்கொள்கின்றன. பூ சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் இருந்தால், தேனீ மேல்நோக்கிய கோட்டிலிருந்து வலப்புறம் 40 பாகை சாய்ந்து ஆடும். ஓட்டம் நீள நீளத் தூரம் அதிகம், ஏறக்குறைய ஒரு விநாடி ஆட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர். சுவரில் பெரிய தாள் ஒட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு இதை விளையாடலாம். சூரியனை நேராகப் பார்க்காமல் நிழலை வைத்துத் திசை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இந்த மொழியைப் படித்து விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. தாளில் தப்பாமல் மிட்டாயைக் கண்டுபிடித்த பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், அவரை ஏதோ சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள்.

செம்பனைப் பூவைத் தேடி வந்த வண்டு

இதை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் விடுவதில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அம்மா செம்பனைக் காட்டில் வேலை செய்தார். ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடர் மாதிரி ஒரு தூளில் கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூமேல் ஊதிவிட வேண்டும். அப்போதுதான் குலையில் பழம் ஒழுங்காகப் பிடிக்கும். மட்டை முள் கையைக் கிழிக்கும். அம்மாவும் அவரைப் போன்ற பெண்களும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் ஊரில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தபோது, அரிசியைவிடச் சிறிய ஒரு மூக்குவண்டு கிடைத்தது. வேறு பயிரைக் கெடுக்காது என்று சோதித்து உறுதிசெய்துகொண்டு, 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நான் அப்போது படிவம் நான்கில் இருந்தேன். வண்டு பரவியதும் தூள் ஊதும் வேலை தேவையில்லாமல் போனது, பழமும் அதிகம் பிடித்தது.

அந்த வண்டு ஆண் பூவில்தான் முட்டையிடும், குஞ்சுகள் வாடிய ஆண் பூவைத் தின்று வளரும். ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை அடிக்கும், வண்டுகள் ஆயிரக்கணக்கில் மொய்க்கும். பெண் பூவும் அதே மாதிரி வாசனையைக் கொஞ்ச நேரம் வெளியிடும். வண்டுகள் அங்கேயும் போகும், தங்களுக்கானது ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும், ஆனால் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுத்தான் திரும்பும்.

செய்து பார்க்க ஐந்து கப் எடுத்து, ஒன்றில் மட்டும் நசுக்கிய சோம்பு போட்டு, எல்லாவற்றையும் துணியால் மூடி, அறையின் வெவ்வேறு மூலைகளில் வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மூக்காலேயே கண்டுபிடிக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். காற்றோடு வரும் வாசனையை எதிர்த்துப் போனால்தான் கிடைக்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் வண்டு அதைத் தோப்பு முழுவதும் செய்கிறது. முடிந்தால் வீட்டுப் பாட்டிமார்களை உட்காரவைத்துத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கவையுங்கள். பினாங்கில் பல வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மின்மினி பார்க்கப் போவதற்கு முன்

நிபோங் திபாலில் சுங்கை கிரியானில் இரவுப் படகுப் பயணம் உண்டு. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தான். கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து மின்னும். மின்மினியும் வண்டு இனம்தான், அதன் புழு நத்தையைத் தின்று வளரும்.

கைவேலையைப் போவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். முதலாவது, ஒளிக்குச்சி. இரவுக் கடைகளில் விற்கும் ஒன்றை வாங்கி மடக்கினால் உள்ளே இரண்டு திரவம் கலந்து ஒளி வரும். தொட்டுப் பார்க்கட்டும், சுடாது. மின்மினியின் வயிற்றிலும் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒளியாகிறது. ஒளிக்குச்சியில் இருப்பது வேறு ரசாயனம், ஆனால் சூடில்லாத வெளிச்சம் என்பது ஒன்றுதான். இரண்டாவது, கைத்தட்டல். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, அவரவர் வேகத்தில் தட்டத் தொடங்கட்டும். பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தட்ட வேண்டும், அவ்வளவுதான் விதி. சற்று நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நம் ஆறுகளில் உள்ள ஆண் மின்மினிகளும் இப்படித்தான் பக்கத்து மின்னலைப் பார்த்துத் தன் நேரத்தைச் சற்று முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு, ஒரு மரம் முழுக்க ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன.

படகில் ஏறியதும் கைபேசியை அணைத்துப் பைக்குள் போடச் சொல்லுங்கள். டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் பட்டால் அவற்றின் தாளம் கலைந்துவிடும், ஜோடி சேர்வதும் கெடும். நீளக் கை சட்டை போட்டுவிடுங்கள், ஆற்றங்கரையில் கொசு அதிகம். பலத்த மழை பெய்த இரவில் மின்மினிகள் குறைவாகவே மின்னும், அன்று போவதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.